கண்டதைச் சோதித்த அறிஞர் ஸர் ஸி. வி. ராமன்

கண்ணால் கண்டதே உண்மை என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். ஆனால் கண் தனியாகப் பார்ப்பதில்லை. நாம் முன்பு கேட்டு நம்பிய சங்கதிகளும் அதனோடு சேர்ந்தே பார்க்கின்றன. இதைத் தம் வாழ்க்கையினாலேயே விளக்கிக் காட்டிய ஒரு தமிழரின் சரித்திரத்தைச் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் கல்லூரி ஆசிரியர். ராமன் சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தார். ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906-ல், அவருடைய பதினெட்டாம் வயதில், லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. ஆயினும் விஞ்ஞானத்தை நம்பிக் குடும்பம் நடத்தக்கூடிய காலம் அல்ல அது. ஆகவே 1907-ல் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். பகலெல்லாம் கணக்கு, காலையிலும் மாலையிலும் அவ்வூர் விஞ்ஞான சங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம். இப்படிப் பத்து வருஷங்கள் உழைத்தபின், 1917-ல் அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா சர்வகலாசாலையில் பேராசிரியரானார்.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு மகாநாட்டுக்காக அவர் முதல் முறையாகச் சீமைக்குக் கப்பலேறினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. கடலுக்கென்று சொந்த நிறமில்லை, வானத்தின் நிழலே அதில் நீலமாகத் தெரிகிறது என்பது இங்கிலாந்தின் பேரறிஞர் ரேலே பிரபுவின் அபிப்பிராயம். பலரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேர் அந்தக் கடலைக் கடந்தார்கள், கேட்டதையே கண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் ராமன் கப்பல் தளத்தில் நின்று அதைச் சோதித்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை மறைக்கக்கூடிய நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி அவர் பையில் இருந்தது. அதன் வழியே பார்த்தபோது வானத்தின் நிழல் மறைந்தது; கடலின் நீலமோ மறையவில்லை, முன்னிலும் நன்றாகத் தெரிந்தது! தண்ணீரே நீல ஒளியைச் சிதறி அனுப்புகிறது என்று எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே லண்டன் சஞ்சிகைக்கு அனுப்பினார். தண்ணீர் செந்நிற ஒளியை விழுங்கி விடுவதும் அந்த நீலத்துக்குக் காரணம்.

இந்த வழிக்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அடி எடுத்து வைத்தவர் ஒருவர் உண்டு. பஸராவில் பிறந்து மிஸ்ரு நாட்டின் காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் அவர்கள்தாம் அவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருள்களைத் தொடுகிறது என்று பழைய யவன அறிஞர் பலர் சொல்லி வந்ததை அவர் மறுத்தார். ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது. வந்ததை இன்னதென்று தீர்மானிப்பது அறிவு என்று விளக்கினார். அந்தத் தீர்மானம் அவசரப்பட்டால் பார்வையும் பிழையாகும்.

ராமனுடைய பெரிய கண்டுபிடிப்பிலேயே இதைக் காணலாம். 1923-ல் அவர் மாணவர் கே. ஆர். ராமநாதன், திரவத்தில் சிதறிய ஒளியில் வேற்று நிறத்தின் மங்கலான சாயலைக் கண்டார். திரவத்தில் உள்ள அழுக்கினால் வரும் மினுக்கம் என்றே முதலில் எண்ணினார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. பிறகு ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடியால் வடிகட்டித் திரவத்துக்குள் செலுத்தி, ஊதாவைத் தடுக்கும் வேறு கண்ணாடி வழியே பார்த்தார்கள். ஒன்றும் தெரியக் கூடாத இடத்தில் ஒளி தெரிந்தது. சிதறும்போது ஒளியில் ஒரு சிறு பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்னும் உண்மை 1928 பிப்ரவரி 28-ல் நிச்சயமாயிற்று. ஐந்து வருஷங்களுக்கு முன் கண்டதும் அதே ஒளிதான். அப்போது அதற்கு அழுக்கு என்று பெயர். 1930-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் ராமனே.

பிற்காலத்தில், பெங்களூரில் 1948-ல் தாம் நிறுவிய ஆராய்ச்சிக்கூடத்தில், மனிதக் கண்ணையே ஆராயலானார். நிறக் கண்ணாடி ஒன்றின் வழியே வெள்ளைத் திரையைச் சற்று நேரம் பார்த்திருந்து, கண்ணாடியைச் சட்டென எடுத்துவிட்டால், தம் கண்ணின் உட்படலமே திரையில் உருவாகத் தெரிவதாகக் கண்டார். 1968-ல் பார்வையைப் பற்றி ஒரு பெரிய நூலும் வெளியிட்டார். நிறங்களை அறிய மூன்று வகை உணர்வு உறுப்புகள் கண்ணில் உண்டு என்ற கொள்கையை அதில் மறுத்தார். ஆனால் அந்த மூன்று வகையும் இருப்பது சோதனைகளில் உறுதிப்பட்டது. ராமனுடைய மறுப்பு நிலைக்கவில்லை. ரேலே பிரபுவின் சொல்லை ராமன் எந்தத் தராசில் நிறுத்தாரோ, அதே தராசில் அவர் சொல்லும் நிறுக்கப்பட்டது. விஞ்ஞானத்தில் பெரியவர் சின்னவர் இல்லை. 1970 நவம்பர் 21-ல் அவர் காலமானார்.

அன்பர்களே! ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும்போது தூரத்து மலைகள் நீலமாய்த் தெரிகின்றன. கிட்டப் போனால் பச்சைதான். இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறுவதே காரணம். கடைக்குச் சேலை எடுக்க வரும் தோட்டத்துத் தாய்மார்கள் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல், துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தே வாங்குகிறார்கள். ராமன் செய்த வேலைக்கும் இதற்கும் ஜாதி ஒன்றே.

துணிக்குக் காட்டும் இந்த நிதானத்தை மனிதருக்கும் காட்டுகிறோமா? ஒருவருடைய சட்டையைப் பார்த்தும், பிறர் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டும் அவரை எடை போட்டு விடுகிறோம். லயத்துப் பிள்ளை ஒன்று, ஏன் இப்படி என்று கேட்டால், பெரியவர்கள் சொன்னால் சரிதான் என்று வாயை அடைத்து விடுகிறோம். அடைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையை வாசலுக்கு அழைத்துச் சென்று, வெளிச்சத்தில் காட்டுங்கள்.