மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி... இந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கம்பும் சோளமும் விளையும். மழை பொய்த்தால் கிணறும் வற்றிவிடும்.

ஆனால் மேற்கு மலையில் மழைக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பெய்த மழை பெரியாறாகப் பெருகி, அரபிக் கடலில் போய் விழுந்தது. அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டு வந்தவர், கர்னல் ஜான் பென்னிகுயிக்.

பழைய கனவு

இந்த எண்ணம் பென்னிகுயிக்குக்கு முன்பே இராமநாதபுரம் சீமையில் உதித்தது. திருச்சுழியும் அந்தச் சீமையைச் சேர்ந்ததுதான். 1789-ம் ஆண்டில் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 12 பேரை மலைக்கு அனுப்பி, வழி பார்த்து வரச் சொன்னார். வழி இருந்தது. பணம் இல்லை. திட்டம் நின்றுவிட்டது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அதன் பிறகு வெள்ளைக்கார சர்க்கார் பழைய திட்டத்தைக் கையில் எடுத்தது. 1882-ல் பென்னிகுயிக்கிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

போரில் தந்தையை இழந்தவர்

பென்னிகுயிக் பிறந்தது புனா நகரில்; 1841 ஜனவரி 15-ந்தேதி. தந்தை ராணுவ அதிகாரி. 1849-ல் சிலியன்வாலாவில் சீக்கியருடன் நடந்த போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். அப்போது ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது.

இங்கிலாந்தில் படித்து என்ஜினீயர் ஆனார். 1860-ல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார்.

காட்டில் ஒரு யுத்தம்

அணை கட்டும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886-ல் 8 ஆயிரம் ஏக்கர், 999 ஆண்டு குத்தகைக்கு எடுக்கப்பட்டது. 1887-ல் வேலை தொடங்கியது.

அது அடர்ந்த காடு. யானைகள் திரியும் இடம். வெள்ளம் வந்து, கட்டிய தடுப்புகளை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் கட்டினார்கள். கம்பிக் கயிற்றுப் பாதை அமைத்து, சாமான்களை மலை மேலே ஏற்றினார்கள்.

சுண்ணாம்பு, மணல், செங்கல் பொடியான சுர்க்கி ஆகியவற்றோடு கல்லையும் சேர்த்து அணை எழும்பியது. அடித்தளத்தில் இருந்து 176 அடி உயரம். 1,200 அடி நீளம். தன் எடையினாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை அது. இன்னொரு பக்கம், ஒரு மைலுக்கும் அதிக நீளத்துக்குப் பாறையைக் குடைந்தார்கள். அந்தச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கி, வைகையில் சேர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

வெள்ளத்தைவிடக் கொடிய எதிரி மலைக் காய்ச்சல். அணை வேலையில் 483 பேர் நோய்களுக்குப் பலியானார்கள் என்பது கணக்கு. அவர்களில் பலருடைய பெயர் யாருக்கும் தெரியாது. அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்தார்கள்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1897-ல்தான் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே அணை முடிந்துவிட்டது. ஆற்றைத் திருப்பத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு, ஒரு கொசுவைத் தடுக்கத் தெரியவில்லை!

தண்ணீர் வந்தது

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கும், மதுரை, மேலூர்ப் பகுதிகளும் செழித்தன.

பென்னிகுயிக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் என்ஜினீயரிங் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9-ந்தேதி காலமானார்.

சர்க்கார் பணம் தர மறுத்தபோது, சொந்தச் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டினார் என்று மக்கள் சொல்வது உண்டு. அது நன்றியில் பிறந்த கதை என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். கதை இல்லாமலே அவர் பெருமை பெரிதுதான். கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளில் அங்கே மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே சூட்டியவர்களும் உண்டு.

எம்.ரெட்டியபட்டி வட்டாரம் வைகைப் பாசனத்துக்கு வெளியே நின்றுவிட்டது. கனவு கண்ட சீமையின் இந்தப் பகுதி இன்னும் வானத்தையே பார்த்து நிற்கிறது. ஆனால் முடியாது என்று கைவிட்ட காரியம், நூறு ஆண்டு கழித்தும் முடியும் என்பதற்கு, மலை மேலே அந்த அணை சாட்சியாக நிற்கிறது.