ரொபின் மில்னர்: வாக்குறுதியும் அதன் இடைவெளியும்

கணினி விஞ்ஞானத்தின் அதியுயர் விருதாகிய டூரிங் விருதை 1991 இல் பெற்றவர், இளமையில் கணினியை வெறுத்தவர் என்றால் நம்புவது சற்றுக் கடினமே. 1934 ஜனவரி 13 ஆம் திகதி இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு அண்மையில் பிறந்த ரொபின் மில்னர் அத்தகையவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பின்னர் மெய்யியலும் பயின்ற நாட்களில், எட்சாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் செய்நிரல் எழுதக் கற்ற அவருக்கு அது அழகற்ற வேலையாகவே தோன்றியது. இனி இந்த இயந்திரத்தின் பக்கமே செல்வதில்லை என முடிவெடுத்தார். கலைப்பீடத்தில் பயின்ற எமக்கு இந்த வெறுப்பு நன்றாகவே புரிகின்றது.

எனினும் பிழைப்பு அவரை 1960 இல் பெரன்ரி கணினி நிறுவனத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னர் லண்டனிலும் சுவான்சியிலும் பணியாற்றி, 1971 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சென்று, 1973 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தை வந்தடைந்தார். கலாநிதிப் பட்டம் பெறாமலேயே பேராசிரியரானவர் அவர்.

கணிதத் தேற்றங்களைக் கணினியின் துணையுடன் நிறுவுவதே எடின்பரோவில் அவர் மேற்கொண்ட பணியாகும். எல்.சி.எப். எனப்பட்ட அந்த முறைமைக்கெனப் பிறந்ததே எம்.எல். என்ற மொழி. கணிதச் சார்புகளை அடிப்படையாகக் கொண்ட மொழிகளுள் அது தனியிடம் பெற்றதாகும். செய்நிரலை எழுதுபவர் ஒவ்வொரு பெறுமானமும் எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை. மொழியே அவற்றின் வகையை ஊகித்தறிந்து, முரண்பாடு இருப்பின் இயக்குவதற்கு முன்னரே நிராகரித்துவிடும். இவ்வாறு ஏற்கப்பட்ட செய்நிரல், எண்ணை எழுத்தாகக் கொள்வது போன்ற தவறுகளில் ஒருபோதும் வீழாது என்பதை 1978 இல் வெளியான கட்டுரையில் மில்னர் கணித முறைப்படி நிறுவினார். அக்காலத்தில் இது சாதாரண வாக்குறுதி அன்று.

ஆனால் அதே மொழியில் இன்னொரு கதவும் இருந்தது. தேற்றமொன்றை நிறுவ முயலும் உபாயம் பலிக்காதபோது, அது தோல்வியை அறிவித்து விலகும். அதனைக் கையேற்று வேறொரு உபாயம் முயலும். இத்தோல்வியே பின்னர் விதிவிலக்கு எனப் பெயர் பெற்றது. வங்கியில் எழுதுவினைஞர் தம்மால் தீர்க்க இயலாத விடயத்தை மேலதிகாரிக்கு அனுப்புவதை ஒத்தது இது. மேலே எவருமே இல்லையெனில்? அங்கே வாடிக்கையாளர் மட்டும் திரும்பிச் செல்வார். இங்கோ முழுச் செய்நிரலும் நின்றுவிடும். ஒரு சார்பு எதைப் பெற்று எதைத் தரும் என்பதை மில்னரின் வகை கூறும். எந்த விதிவிலக்கை எழுப்பும் என்பதைக் கூறாது. 1990 இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட ஸ்டான்டர்ட் எம்.எல். வரையறையிலும் இந்த இடைவெளி தொடர்ந்தது.

இது ஏட்டுச் சிக்கல் என எண்ணிவிடலாகாது. 1996 ஜூன் 4 ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கெட் தனது முதற் பயணத்தில் ஏறத்தாழ 40 செக்கன்களில் சிதறியது. அதன் செய்நிரல் எழுதப்பட்டது அடா மொழியில், எம்.எல். மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் பிழை இதே இனத்தது. பெரிய எண்ணொன்றை 16 பிட் இடத்தினுள் அடக்க முயன்றபோது எழுந்த விதிவிலக்கைக் கையேற்க அங்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வழிகாட்டும் கருவியும் அதற்குத் துணையாக இருந்த மற்றைய கருவியும் ஒரே காரணத்தால் செயலிழந்தன.

எம்.எல். குடும்ப மொழிகளில் கையேற்கப்படாத விதிவிலக்குகளை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வுகள் 1990களில் வலுப்பெற்றன. 1994 இல் குவாங்கியூன் யீ ஒரு வழியைக் காட்டினார். பிரான்ஸின் சேவியர் லெரோய், பிரான்சுவா பெசோ ஆகிய இருவரும் மில்னரின் வகை ஊகிப்பையே விரித்து, ஒகாமல் மொழிக்கான ஆய்வுக் கருவியொன்றைச் செய்தனர். மில்னர் திறந்து விட்ட கதவை அவருடைய சாவியாலேயே பூட்ட முனைந்தனர் எனலாம். பணி இலகுவானதன்று. இம்மொழிகளில் ஒரு சார்பை இன்னொரு சார்பிடம் கையளிக்கலாம். எனவே எழும் விதிவிலக்கு, கையளிக்கப்பட்டது எது என்பதைப் பொறுத்தது. அத்துடன் விதிவிலக்கு தன்னுடன் பெறுமானங்களையும் சுமந்து செல்லும். அதன் பெயரை மட்டும் அறிவது போதாது.

மில்னரோ அதற்குள் வேறு திசையில் வெகுதூரம் சென்றிருந்தார். ஒரே வேளையில் இயங்கி ஒன்றோடொன்று உரையாடும் கணினிகளின் கணிதமே அவரது பிற்கால நாட்டமாயிற்று. 1995 இல் கேம்பிரிட்ஜ் திரும்பிய அவர், இளமையில் தாம் கணினியை வெறுத்த அதே பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்திற்குத் தலைமை தாங்கினார். 2010 மார்ச் 20 ஆம் திகதி அங்கேயே காலமானார். மனைவி லூசி அவருக்குச் சிறிது முன்னர்தான் மறைந்திருந்தார்.

ஒகாமல் இன்றும் தன் வகைகளில் விதிவிலக்குகளைக் குறிப்பதில்லை. ஆயினும் பட்டியலில் தேடி, கிடைக்காவிடில் விதிவிலக்கு எழுப்பும் பழைய சார்புக்கு அருகில், 2017 இல் புதியதொன்று சேர்க்கப்பட்டது. கிடைக்காமலும் போகலாம் என்பதை அது தன் வகையிலேயே கூறிவிடுகின்றது.