தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு: அமெரிக்க ஃபுட்பாலின் ‘டிராஃப்ட்’ முறையைக் கொண்டுவந்த பெர்ட் பெல் யார்?

மார்ச், ஏப்ரல் வந்தாலே அமெரிக்காவின் என்எஃப்எல் அணிகளுக்குத் தூக்கம் போய்விடும். ஆட்டமே நடக்காத மாதங்கள்தான். ஆனால் அடுத்த சீசனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஒரு கேள்வி அப்போதுதான் மேசைக்கு வரும்: குவாட்டர்பேக் யார்?

குவாட்டர்பேக் என்பவர்தான் ஆட்டத்தை நடத்துபவர். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் பத்து, பதினைந்து வருடம் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் கோச்சுக்கும் வேலை போகும், மேனேஜருக்கும் வேலை போகும்.

அவரைப் பிடிக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒப்பந்தம் முடிந்த அனுபவ வீரரைப் பணம் கொடுத்து அழைத்துவருவது ‘ஃப்ரீ ஏஜென்சி’. கல்லூரியிலிருந்து வரும் இளைஞரை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது ‘டிராஃப்ட்’. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்க முடியாது. போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிதான் முதலில் தேர்ந்தெடுக்கும். சாம்பியன் கடைசியில்.

தோற்றவனுக்கு முதல் வாய்ப்பு. இந்த யோசனையைச் சொன்னவர், அந்தக் காலத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியின் முதலாளி. பெயர் பெர்ட் பெல். அவரும் ஒரு குவாட்டர்பேக்தான்!

வசதியான வீட்டுப் பிள்ளை

1895 பிப்ரவரி 25 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார் பெல். முழுப்பெயர் டி பென்வில் பெல். அப்பா பென்சில்வேனியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அண்ணன், தம்பி இருவரில் ஒருவர் பின்னாளில் கொஞ்ச நாள் அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தார். இன்னொருவர்தான் பெல். இவருக்குப் பதவியிலும் படிப்பிலும் பெரிய ஆசை கிடையாது. ஃபுட்பால், ஃபுட்பால், ஃபுட்பால். அவ்வளவுதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக்காக ஆடினார். புகழ்பெற்ற ரோஸ் பவுல் போட்டிக்கு 1917இல் அந்த அணி போனபோது அவரும் இருந்தார். ஓரிகனிடம் 14-0 என்று தோற்றார்கள். முதல் உலகப்போர் வந்ததும் பிரான்ஸில் ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை செய்தார். திரும்பி வந்து கல்லூரி அணியில் கோச்சிங், பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் வேலை என்று வாழ்க்கை ஓடியது. குடி, சூதாட்டம் இரண்டுமே உண்டு. 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது கையில் இருந்ததும் போனது.

அவரைத் திருப்பியவர் ஃபிரான்சஸ் அப்டன். பிராட்வே மேடை நடிகை. குடியை விட்டால்தான் கல்யாணம் என்றார். பெல் விட்டார். 1934இல் திருமணம் நடந்தது. அதற்கு முன்பே, 1933இல், பிலடெல்பியாவுக்கு ஒரு என்எஃப்எல் அணியை வாங்க பெல்லுக்குப் பணம் கொடுத்து உதவியதும் அவர்தான். அதிபர் ரூஸ்வெல்ட்டின் பொருளாதார மீட்புத் திட்டத்தின் சின்னமான நீலக் கழுகைப் பார்த்து, அணிக்கு ‘ஈகிள்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

கழுகு பறக்கவே இல்லை

பெயரில்தான் கழுகு. 1934இல் 4 வெற்றி, 7 தோல்வி. 1935இல் 2 வெற்றி, 9 தோல்வி. மைதானத்தில் கூட்டம் இல்லை, கல்லாவில் காசு இல்லை. டிக்கெட்டை விற்க முதலாளியே தெருவில் இறங்கினார். நஷ்டம் தாங்காமல் 1936இல் அணி ஏலத்துக்கே வந்தது. 4,500 டாலர் கொடுத்துத் தனி முதலாளி ஆனார் பெல். வேறு கோச் வைக்க வசதி இல்லாததால் கோச்சும் அவரே.

ஏன் ஜெயிக்க முடியவில்லை? காரணம் ரொம்ப எளிது. அப்போது கல்லூரி முடித்த வீரர் எந்த அணியோடும் பேசலாம், பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடலாம். பணமும் பெயரும் உள்ள அணிகளுக்கே எல்லோரும் போனார்கள். சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் போன்ற அணிகள் ஜெயித்தன. ஜெயித்ததால் கூட்டம் வந்தது, கூட்டத்தால் பணம் வந்தது, பணத்தால் நல்ல வீரர்கள் வந்தார்கள். மறுபடி வெற்றி. கீழே இருப்பவன் மேலே வரவே வழியில்லாத சக்கரம் அது.

பெல்லுக்கு இதை முகத்தில் அறைந்த மாதிரி உணர்த்தியவர் ஸ்டான் கோஸ்ட்கா. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் முரட்டு ஆட்டக்காரர். அவரைப் பிடிக்க பெல் மினசோட்டாவுக்கே போனார், தொகையை ஏற்றிக்கொண்டே போனார். ஒன்றும் நடக்கவில்லை. கோஸ்ட்கா கடைசியில் புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். வெறுங்கையோடு திரும்பிய பெல்லுக்கு ஒன்று புரிந்தது. இந்த ஆட்டத்தை இதே விதிகளில் தன்னால் ஜெயிக்கவே முடியாது. விதியை மாற்றணும்.

வலுத்தவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்?

1935 மே மாதம் நடந்த முதலாளிகள் கூட்டத்தில் பெல் தன் யோசனையை வைத்தார். கல்லூரி முடிக்கும் வீரர்களின் பெயர்களைப் பட்டியல் போடுவோம். கடைசி இடம் பிடித்த அணி முதலில் ஒரு பெயரை எடுக்கட்டும். மற்றவர்கள் வரிசையாக எடுக்கட்டும். எடுக்கப்பட்ட வீரரோடு அந்த ஓர் அணி மட்டும்தான் பேசலாம்.

பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸும் ஜயன்ட்ஸின் டிம் மாராவும் இதை எதிர்த்திருக்கலாம். இழப்பு அவர்களுக்குத்தானே! ஆனால் இருவரும் சரி என்றார்கள். பலவீனமான அணிகள் மூடிக்கொண்டே போனால் கடைசியில் யாரோடு ஆடுவது? இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு வீரருக்கு ஓர் அணிதான் என்றால் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்ற வேண்டியதில்லை. எல்லா முதலாளிகளுக்கும் லாபம். வீரர்களை யாரும் கேட்கவில்லை.

1936 பிப்ரவரி 8 அன்று முதல் டிராஃப்ட். இடம், பெல் ஒருகாலத்தில் வேலை பார்த்த அதே ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல். ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், மொத்தம் 81 பெயர்கள். இன்றுபோல டிவி கேமராக்கள் இல்லை, வீரர்களைத் தேடி அலையும் ஸ்கவுட்களும் இல்லை.

போட்டவருக்கே பலிக்காத திட்டம்

முதல் பெயரைச் சொல்லும் உரிமை, கடைசி இடத்தில் இருந்த ஈகிள்ஸுக்கு. பெல் எடுத்தது ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக நட்சத்திரம். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையின் முதல் வெற்றியாளர். அவர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையை சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றிவிட்டார். அங்கேயும் படியவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் வீரர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை! மீதி எட்டுப் பேரில் ஒருவரைக்கூட பெல்லால் ஒப்பந்தம் செய்ய முடியவில்லை. அந்த சீசனில் ஈகிள்ஸ் 1 வெற்றி, 11 தோல்வி.

1937இல் மறுபடி முதல் வாய்ப்பு. பெல் எடுத்தது சாம் ஃபிரான்சிஸ் என்ற ஓட்டக்காரர். அதே டிராஃப்ட்டில் ஆறாவதாக வாஷிங்டன் எடுத்தது சாமி பா. பந்தை எறிவதில் அந்தத் தலைமுறையின் மன்னன். முதல் சீசனிலேயே வாஷிங்டனுக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்தார். தானே குவாட்டர்பேக்காக ஆடியவர், அப்படி ஒருவரைக் கையருகில் வைத்துக்கொண்டே தவறவிட்டார்.

அந்தத் தவற்றைச் சரிசெய்ய நினைத்தாரோ என்னவோ, 1939 டிராஃப்ட்டில் சாமி பா படித்த அதே டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திலிருந்து டேவி ஓ’பிரையனை எடுத்தார் பெல். உயரம் 5 அடி 7 அங்குலம்தான். ஆனால் முதல் சீசனிலேயே 1,324 கஜம் எறிந்தார். அணி? ஒரே ஒரு வெற்றி. அடுத்த சீசனின் கடைசி ஆட்டத்தில் வாஷிங்டனுக்கு எதிராக 60 முறை பந்தை எறிந்தார் ஓ’பிரையன். 33 முறை சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 13-6 என்று தோல்வி. அதோடு ஃபுட்பாலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு எஃப்பிஐயில் சேர்ந்துவிட்டார்.

அதே 1939இல் சிகாகோ பேர்ஸ் என்ன செய்தது? பலவீனமான பிட்ஸ்பர்க் அணியிடமிருந்து இரண்டாவது வாய்ப்பை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அதை வைத்து சிட் லக்மன் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. 1940 இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது. டிராஃப்ட் வாய்ப்பைத்தான் கொடுக்கும். சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் கண்ணை அது கொடுக்காது.

ஐந்து சீசன்களில் கோச்சாக ஈகிள்ஸுக்கு பெல் பெற்றுத்தந்தது 10 வெற்றி, 44 தோல்வி, 2 டிரா. 1941இல் ஆர்ட் ரூனி என்பவரோடு சேர்ந்து பிட்ஸ்பர்க் அணிக்கு மாறினார்.

சமையலறை மேசையில் ஒரு லீக்

1946இல் என்எஃப்எல்லின் கமிஷனர் ஆனார் பெல். முதலாளியாகத் தோற்றவர் நிர்வாகியாக ஜெயித்தார்.

வந்த வேகத்தில் ஒரு சோதனை. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு முன்பு ஒரு சூதாட்டக்காரர் நியூயார்க் ஜயன்ட்ஸின் இரண்டு வீரர்களை அணுகியது தெரியவந்தது. மெர்ல் ஹேப்ஸை ஆடவிடாமல் நிறுத்தினார் பெல். பந்தை எறியும் ஃபிராங்க் ஃபில்சாக் தனக்கு எதுவும் தெரியாது என்றதால் அவரை ஆட அனுமதித்தார். உண்மை பிறகு வெளிவந்தது. பணம் வாங்கவில்லை என்றாலும், விஷயத்தை மறைத்ததற்காக இருவருக்கும் காலவரையற்ற தடை. சூதாட்டத்தை உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால், அதில் அவர் இரக்கம் காட்டவில்லை.

அடுத்த தலைவலி, போட்டி லீக். இரண்டு லீக்குகள் ஒரே வீரருக்கு அடித்துக்கொண்டதால் சம்பளம் எகிறியது. 1944இல் டெட்ராய்ட் டிராஃப்ட் செய்த ஓட்டோ கிரஹாம் என்ற குவாட்டர்பேக், புதிய லீக்கின் கிளீவ்லாண்ட் அணிக்குப் போய் நான்கு சீசன்களிலும் பட்டம் வென்றார். 1949 டிசம்பரில் போட்டி லீக்கோடு சமாதானம் செய்தார் பெல். கிளீவ்லாண்ட் உட்பட மூன்று அணிகள் என்எஃப்எல்லுக்குள் வந்தன.

சீசன் அட்டவணையை வீட்டு மேசையில் டோமினோ கட்டைகளை அடுக்கி அவரே போடுவார். சீசனின் தொடக்கத்தில் பலவீனமான அணிகளை ஒன்றோடொன்று மோதவைப்பார். அப்படியானால் ரொம்ப நாள் வரை யாருக்கும் நம்பிக்கை போகாது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் எந்த அணியும் எந்த அணியையும் வெல்லலாம் என்ற நிலை வேண்டும். அதுதான் அவர் கொள்கை, அதுதான் வியாபாரமும்.

வீரர்கள் பக்கம் திரும்பிய கமிஷனர்

டிராஃப்ட் அணிகளுக்கு நியாயம் செய்தது. வீரர்களுக்கு? எந்த ஊரில் ஆடுவது என்பதைக்கூட அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பில் ரடோவிச் என்ற டெட்ராய்ட் வீரர், கலிஃபோர்னியாவில் உடல்நலமில்லாத அப்பாவின் பக்கத்தில் இருக்க லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாற்றம் கேட்டார். மறுத்தார்கள். அவர் போட்டி லீக்குக்குப் போக, கறுப்புப் பட்டியலில் வைத்தார்கள். வழக்குப் போட்டார். 1957இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஏகபோகத் தடுப்புச் சட்டம் ஃபுட்பால் லீக்குக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது.

முந்தைய ஆண்டுதான் வீரர்கள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம், காயம்பட்டால் சம்பளம் போன்றவைதான் கோரிக்கைகள். முதலாளிகள் கண்டுகொள்ளவே இல்லை. 1957 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு முன் ஆஜரான பெல், சங்கத்தை அங்கீகரிப்பதாக அறிவித்துவிட்டார். தனக்குச் சம்பளம் தரும் முதலாளிகளில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வீரர்கள் முழு உரிமையோடு அணி மாறும் ‘ஃப்ரீ ஏஜென்சி’ வர 1993 ஆனது. ஆனால் அதற்கான பேச்சுவார்த்தை மேசையில் வீரர்களுக்கு முதல் நாற்காலி போட்டவர்களில் பெல்லும் ஒருவர்.

கடைசி ஆட்டம்

1958 டிசம்பர் 28. பால்டிமோர் – நியூயார்க் இறுதி ஆட்டம். சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் வரை போனது. 23-17 என்று ஜெயித்த பால்டிமோரின் குவாட்டர்பேக் ஜானி யுனிடாஸ். 1955 டிராஃப்ட்டில் 102ஆவதாக எடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் அணியால் கழற்றிவிடப்பட்டு, ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் சம்பளத்தில் உள்ளூர் அணியில் ஆடியவர். யாருக்கும் வேண்டாம் என்று வெளியே நின்றவரை 1956இல் பால்டிமோர் அழைத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தை டிவியில் நாடே பார்த்தது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டில் ஈகிள்ஸுக்கும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கும் ஆட்டம். கமிஷனர் விஐபி இருக்கையில் இல்லை, ரசிகர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மாரடைப்பு. வயது 64. கல்லூரி நாட்களில் அவர் குவாட்டர்பேக்காக ஆடிய மைதானம் அது. ஆடிக்கொண்டிருந்தவை, அவர் உருவாக்கிய அணியும் பங்குதாரராக இருந்த அணியும். அன்று ஈகிள்ஸ் ஜெயித்தது.

1963இல் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே பெல் பெயர் இருந்தது. வீரர்களின் ஓய்வூதியத் திட்டமும் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு மட்டும் இன்னும் ஒரே பதில் கிடைக்கவில்லை. 2000 டிராஃப்ட்டில் 199ஆவதாக வந்தவர் டாம் பிரேடி. தோள் காயத்தோடு ஃப்ரீ ஏஜென்சியில் நின்ற டிரூ பிரீஸை 2006இல் எடுத்த நியூ ஆர்லியன்ஸ், பின்னாளில் சூப்பர் பவுல் வென்றது. முதலாவதாக எடுக்கப்பட்டு சோபிக்காமல் போன குவாட்டர்பேக்குகளும் உண்டு. இளைஞரா, அனுபவசாலியா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் அணிகள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் அப்படி மண்டையை உடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் பெர்ட் பெல் கொடுத்தது.