சென்னையைப் பாட வைத்த செட்டியார்!

சென்னையில் முதன்முதலாக ரேடியோ பாடியது 1924-ம் ஆண்டில்.

பாட வைத்தது சர்க்கார் அல்ல. பெரிய கம்பெனியும் அல்ல. சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் என்ற ஒரு தனி மனிதர்!

அவர் இங்கிலாந்து சென்று திரும்பியவர். அங்கே பி.பி.சி. 1922-ல் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. கம்பியில்லாமல் குரல் காற்றில் வருவதை உலகமே அதிசயமாகப் பேசிய காலம் அது. திரும்பி வந்த செட்டியார், சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றின் பாகங்களைக் கையோடு கொண்டுவந்தார்.

40 வாட் சக்தி!

தம்மைப் போலவே ரேடியோ மோகம் கொண்டவர்களைத் திரட்டினார். 1924 மே 16-ந் தேதி "சென்னை மாகாண ரேடியோ சங்கம்" பிறந்தது. ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு தொடங்கியது.

கருவியின் சக்தி 40 வாட்தான். வீட்டில் எரியும் ஒரு குண்டு பல்பின் சக்தி! பிறகு 200 வாட் கருவி வந்தது. மாலை வேளைகளில் பாட்டும் பேச்சும் காற்றில் மிதந்தன.

பணமுடை

ஆனால், காற்றில் வரும் பாட்டுக்கு வேலி போட முடியுமா? செட் வைத்திருந்த எவரும் கேட்கலாம். செலவு மட்டும் சங்கத்தின் தலையில்! 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது.

அது செட்டியாரின் குற்றம் அல்ல. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927-ல் ஒலிபரப்பில் இறங்கிய பெரிய கம்பெனியே 1930-ல் கடையை மூடியது.

ஏழைக்கும் எட்டியது

சங்கத்தின் கருவியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. சென்னை கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1-ந் தேதி கார்ப்பரேஷன் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

மெரினா கடற்கரையிலும், ராயபுரத்தை அடுத்த ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கிகள் முழங்கின. செட் வாங்க வசதியில்லாத வடசென்னைத் தொழிலாளியும் காசு கொடுக்காமல் கச்சேரி கேட்டான்! பணக்காரர் வீட்டுப் பொருள் பொதுஜனச் சொத்து ஆகிவிட்டது.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. கார்ப்பரேஷனின் பணி முடிந்தது.

1975-ல் அமெரிக்காவில் ஒரு கார் கொட்டகையில் கூடிய கம்ப்யூட்டர் பித்தர்களின் சங்கத்திலிருந்துதான் ஆப்பிள் கம்ப்யூட்டர் முளைத்தது. அதை உலகம் புகழ்கிறது. அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே, அதே துணிச்சலுடன் சென்னையில் ஒரு சங்கம் கண்டவர் கிருஷ்ணசாமி செட்டியார்.

அவருடைய சங்கம் மூன்றே வருஷம் நடந்தது. அது மூட்டிய ஒலி இன்னும் ஓயவில்லை!