சாட்டையல்ல, சிகிச்சை

மார்ச் 8-ல் நாம் நினைவுகூரும் இறைவனின் புனித யோவான் 1495-ல் போர்த்துக்கல்லில் பிறந்தவர். ஸ்பெயினின் கிரனாடா நகரில் புத்தகம் விற்றார். ஒருநாள் மறையுரை கேட்டு மனம் உடைந்து, உடைமைகளை வாரி வழங்கி, தெருவில் கதறித் திரிந்தார். பைத்தியமென்று மருத்துவமனையில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அதுவே அன்றைய சிகிச்சை. அந்த மறையுரையை ஆற்றிய அவிலா யோவானே பரிவோடு பேசி அவரைத் தேற்றினார். குணமடைந்தவர் நோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கி, 1550-ல் இறக்கும்வரை பணிசெய்தார்.

வேலம்பாளையத்தில் நம் வீட்டிலும் ஒருவர் தூக்கமின்றி, சாப்பாடு குறைந்து, யாரிடமும் பேசாமல், பனியன் கம்பெனிக்குப் போகவும் மனமின்றி இரண்டு வாரம் இருந்தால், அது சோம்பலல்ல, நோயின் அறிகுறியாக இருக்கலாம். திட்டாமல் கேட்போம், மனநல மருத்துவரிடம் கூட்டிச்செல்வோம். ஆலோசனையும் மருந்தும் இன்று உண்டு. 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். செபிப்போம், சிகிச்சைக்கும் உடன்செல்வோம்.