தனிமைச் சிறையில் ஒரு மேய்ப்பர்

1975 ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. அன்றுதான் வியட்நாமின் சைகோன் நகரில் பேராயர் பிரான்சிஸ் சேவியர் வான் துவான் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

சன்னல் இல்லாத அறை. சில நாள்கள் இரவும் பகலும் விளக்கு எரியும். பிறகு பல நாள்கள் ஒரே இருட்டு. ஈரத்தால் படுக்கும் பாயில் காளான் முளைத்தது. மூச்சு முட்டும்போது தரையில் படுத்து, கதவின் அடியிலிருந்த துளையருகே முகத்தை வைத்துக் காற்று வாங்கினார்.

உடல் வேதனையைவிட மன வேதனை பெரிது. தனிமைச் சிறையில் நாளும் பொழுதும் குழம்பும், உறக்கம் கெடும், நினைவு தடுமாறும். பேச ஆளின்றி மனம் தன்னையே அரித்துத் தின்னும். ஆயர் என்பதால் அவர் இதற்கு விலக்கல்ல. செபிக்கவும் இயலாத நாள்கள் அவருக்கு இருந்தன. நாத்ராங் மறைமாவட்டத்தில் 8 ஆண்டுகள் வளர்த்த பணிகள் என்னவாகும், மேய்ப்பரில்லாத மந்தை என்னவாகும் என்று தவித்தார்.

ஓர் இரவு அவர் உள்ளத்தில் தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளின் பணிகள் வேறு. பணிகளைப் பறிக்கலாம், கடவுளைப் பறிக்க முடியாது. அன்றுமுதல் மனம் அமைதி கண்டது. வயிற்று வலிக்கு மருந்து என்ற பெயரில் வந்த திராட்சை இரசத்தில் 3 துளி, தண்ணீர் 1 துளி. உள்ளங்கையே கிண்ணமாகத் திருப்பலி நிறைவேற்றினார்.

காவலர்கள் முதலில் அவரோடு பேசவே இல்லை. அவரோ புன்னகைத்தார், தாம் பார்த்த நாடுகளைப் பற்றிச் சொன்னார், மொழிகள் கற்றுக்கொடுத்தார். அவர்கள் நண்பர்களாகிவிடக் கூடாது என்று அதிகாரிகள் ஆள் மாற்றிப் பார்த்தனர். வருகிறவர்கள் எல்லாரும் அவர் பக்கம் சாயவே, மாற்றுவதையே நிறுத்தினர். அயலார் இல்லாத இடத்தில் காவலரையே அவர் அயலாராக்கிக் கொண்டார்.

1988 நவம்பர் 21-இல் விடுதலையானார். 2001-இல் கர்தினாலானார். 2002 செப்டம்பர் 16-இல் உரோமையில் இறந்தார். 2017-இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அன்பார்ந்தவர்களே, எல்லாக் கைதிகளும் வான் துவான் அல்லர். தனிமையில் உடைந்துபோனவர்கள் பலர். சிறையிலிருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்தோம். அவர்களுக்கு நாம் கொண்டுபோகக்கூடிய பெரிய பொருள், உட்கார்ந்து கேட்கும் ஒரு காதுதான். நம் பங்கிலிருந்து சிறைக்குப் போனவர் யாராவது உண்டா? அவரை நாம் கடைசியாக எப்போது விசாரித்தோம்?