இரவில் விழித்த குதிரைச் சீமாட்டி

பந்தய நாட்களில் மகாலட்சுமி ஸ்டேஷனில் ரேஸ் புத்தகமும் கையுமாக இறங்குகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. மாலையில் அதே வண்டியில் திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். பணம் கட்டுகிறவன் கதை அது. குதிரைக்குச் சொந்தக்காரியாக இருந்த ஒரு பெண்மணியின் கதை இது.

பெயர் டோரதி பேஜட். 1905-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை இங்கிலாந்தின் குவீன்பரோ பிரபு. தாய் அமெரிக்கக் கோடீசுவரர் வில்லியம் விட்னியின் மகள். அந்த விட்னி, நியூயார்க்கில் டிராம் வண்டிகள் நடத்திப் பெரும் பொருள் சேர்த்தவர். டிராமில் ஏறியவர்கள் கொடுத்த சில்லறைதான் பின்னாளில் பேத்தியின் குதிரை லாயத்துக்குப் போயிற்று என்று சொன்னால் தவறில்லை.

டோரதிக்கு 11 வயதில் தாய் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக 6 பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

கார் மோகம்

முதலில் பிடித்தது கார் பைத்தியம். டிம் பர்க்கின் என்ற பந்தய வீரருக்குப் பணம் கொடுத்து, பென்ட்லி கார்களை ஓடவிட்டார். 1930-ல் பிரெஞ்சுப் பந்தயத்தில் அவருடைய கார் இரண்டாவதாக வந்தது. அதோடு ஆசை தீர்ந்தது. மனம் குதிரைப் பக்கம் திரும்பியது.

1931-ல் ‘கோல்டன் மில்லர்’, ‘இன்சூரன்ஸ்’ என்ற இரண்டு குதிரைகளையும் சேர்த்து 12 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார். ‘இன்சூரன்ஸ்’ 1932, 1933 இரண்டு ஆண்டும் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தில் ஜெயித்தது. ‘கோல்டன் மில்லர்’ செய்தது அதைவிடப் பெரிது. 1932 முதல் 1936 வரை தொடர்ந்து 5 ஆண்டு செல்டன்ஹாம் தங்கக் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது.

1934-ல் லிவர்பூல் கிராண்ட் நேஷனல். நாலரை மைல் தூரம், 30 தடைகள். முதுகில் 77 கிலோ பாரம். அத்தனையையும் தாண்டி அதுவரை இருந்த நேரச் சாதனையையும் முறியடித்தது. தங்கக் கோப்பையையும் கிராண்ட் நேஷனலையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரை இது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் பரிதாபம். ஊரே அதன்மேல் பணம் கட்டியிருந்தது. 11-வது தடையில் குதிரை தயங்க, ஜாக்கி ஜெரி வில்சன் கீழே விழுந்தார். மறுநாள் வேறொரு பந்தயத்தில் அதே குதிரையை ஓடவிட்டார்கள். முதல் தடையிலேயே மறுபடி ஜாக்கி விழுந்தார். சீமாட்டிக்கும் பயிற்சியாளர் பாசில் பிரிஸ்கோவுக்கும் பெரிய சண்டை. குதிரைகள் எல்லாம் வேறு லாயத்துக்கு மாறின. முந்தின நாள் மிரண்ட வாயில்லா ஜீவனை மறுநாளே ஓட்டியது யார் யோசனையானாலும் நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

பகலில் தூக்கம்

அம்மையாரின் பழக்கங்கள் விசித்திரமானவை. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. நடுச்சாமத்தில் பயிற்சியாளர்களுக்கு டெலிபோன் மணி அடிக்கும். ஆண்கள் பக்கத்தில் வருவதே பிடிக்காது. வீட்டில் வேலைக்குப் பெண்கள் மட்டும்தான். ஆடம்பர உடை கிடையாது. பந்தயத் திடலுக்கு எப்போதும் அதே நீண்ட பழைய கோட்டுத்தான். சாப்பாடு மட்டும் தாராளம். உடம்பு பெருத்துக்கொண்டே போயிற்று.

மாலையில்தான் கண் விழிப்பார். அதற்குள் அன்றைய பந்தயங்கள் முடிந்திருக்கும். ஆனாலும் அவர் பணம் கட்டுவார், புக்கியும் ஏற்றுக்கொள்வார்! முடிவு தெரிந்துகொண்டு இந்த அம்மாள் ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. முடிந்துபோன பந்தயங்களிலும் அவர் பெரும்பாலும் தோற்ற குதிரைமேலேயே கட்டினார்! நம் ஊரில் எந்த புக்கியிடமாவது இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

1943-ல், போர்க்காலத்தில் நியூமார்க்கெட்டில் நடந்த டெர்பியை அவர் பண்ணையிலேயே பிறந்த ‘ஸ்ட்ரெய்ட் டீல்’ ஜெயித்தது. 1940-லும் 1952-லும் செல்டன்ஹாம் தங்கக் கோப்பை மறுபடி அவருக்கே வந்தது. மொத்தம் 1,532 வெற்றிகள். செலவழித்த தொகையோ வந்த பரிசுப் பணத்தைப் போல் பல மடங்கு.

குதிரைக்கு மட்டும்தான் கொட்டினார் என்று நினைக்கவேண்டாம். ரஷ்யப் புரட்சியில் எல்லாம் இழந்து பிரான்சுக்கு ஓடிவந்த முதியவர்களுக்காக, 1927-ல், தமது 22 வயதில், பாரிஸ் அருகே செயின்ட் ஜெனிவீவ் கிராமத்தில் ஒரு இல்லம் அமைத்துக் கொடுத்தார். சொந்த ஊரை விட்டு வந்த அந்தக் கிழவர்களுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு கூரை கிடைத்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ‘கோல்டன் மில்லர்’ 1957-ல் இறந்தது. மூன்றே ஆண்டில், 1960 பிப்ரவரி 9-ந் தேதி, 54-வது வயதில் டோரதியும் இருதயக் கோளாறால் இறந்தார். அயர்லாந்தில் இருந்த அவருடைய குதிரைப் பண்ணை அதே ஆண்டு கைமாறியது. அந்தப் பண்ணையில் பிறந்த ‘டிராய்’ என்ற குதிரை 1979-ல் டெர்பி ஜெயித்தது, வேறொருவர் பெயரில்.